குபோவுக்கு முன்னே ஓடிய பெயர்

2025 மார்ச் மாதத்தில் ஜப்பானில் அடுத்தடுத்து வந்த மூன்று நாள்களை நான் இன்னும் மறக்கவில்லை. 18, 19 ஆகிய தேதிகளில் அமெரிக்க பேஸ்பால் பருவத்தின் தொடக்க ஆட்டங்கள் டோக்கியோ டோம் அரங்கில் நடந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்காகத் தாய்நாட்டில் களமிறங்கிய ஷோஹெய் ஓதானி இரண்டாம் நாளில் ஒரு ஹோம் ரன் அடித்தார். மறுநாள் இரவு, சைதாமா அரங்கில் ஜப்பான் கால்பந்து அணி பஹ்ரைனை 2-0 என்ற கணக்கில் வென்று, போட்டியை நடத்தும் மூன்று நாடுகளுக்கு அடுத்தபடியாக 2026 உலகக் கோப்பைக்கு முதலில் தகுதிபெற்ற அணி என்ற பெருமையைப் பெற்றது. அன்று தாய்ச்சி கமதா அடித்த முதல் கோலுக்குப் பந்தைக் கொடுத்தவரும், 87ஆம் நிமிடத்தில் இரண்டாவது கோலைத் தாமே அடித்தவரும் ஒருவரே. அவர்தான் 23 வயதுத் தகேஃபுசா குபோ.

அவர் ஜப்பானில் எவ்வளவு புகழ்பெற்றவர் என்ற கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியாது. அதற்கான காரணம் அந்த மூன்று நாள்களுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே வாரத்தில், ஒரே பெருநகரப் பகுதியில், ஒருவர் தம் நாட்டு அணியை உலகக் கோப்பைக்குக் கொண்டுசேர்த்த பிறகும் இன்னொருவரின் ஒளிக்கு அருகில் நிற்க வேண்டியிருந்தது. ஓதானியோடு ஒப்பிட்டால் ஜப்பானின் எந்த விளையாட்டு வீரரும் சிறியவராகவே தெரிவார். பத்து ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் என்ற ஒப்பந்தம், ஜப்பானின் ஏறத்தாழ 20,000 தொடக்கப் பள்ளிகளுக்கும் மூன்று மூன்றாக அவர் அனுப்பிவைத்த 60,000 பேஸ்பால் கையுறைகள், 2023 உலக பேஸ்பால் இறுதியாட்டத்தின் கடைசிப் பந்து என எல்லாம் சேர்ந்து அவரை விளையாட்டுக்கு அப்பாற்பட்ட ஓர் இடத்தில் வைத்துவிட்டன. ஆகவே அந்த ஒப்பீட்டை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். குபோவின் புகழை அளக்க வேண்டிய அளவுகோல் வேறு. அது அவருடைய சொந்தப் பெயர்தான். அவர் ஆடத் தொடங்கும் முன்பே அவருடைய பெயர் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தப் பெயரை எட்டிப்பிடிப்பதே அவருடைய இளமை முழுவதும் அவருக்கு வேலையாக இருந்திருக்கிறது என்பதுதான், அவரைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் எனக்குத் தோன்றுவது.

2001 ஜூன் 4ஆம் தேதி, கனகாவா மாகாணத்தின் கவாசாகி நகரில் பிறந்தவர் குபோ. எட்டு வயதில், பார்சலோனா கிளப் ஜப்பானில் நடத்திய பயிற்சி முகாமில் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். கவாசாகி ஃப்ரொன்டாலே கிளப்பின் சிறுவர் அணியில் சிறிது காலம் ஆடிய பின், 2011இல், பத்து வயதில், பார்சலோனாவின் புகழ்பெற்ற இளையோர் பயிற்சிக்கூடமான லா மாசியாவில் சேர்ந்தார். மெஸ்ஸி வளர்ந்த அதே இடம், மெஸ்ஸியைப் போலவே இடது கால், மெஸ்ஸியைப் போலவே சிறிய உடல். பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்? ‘ஜப்பானின் மெஸ்ஸி’ என்ற பட்டம் அன்றே ஒட்டிக்கொண்டது. ஒரு குழந்தையின் மீது அப்படியொரு பட்டத்தை ஏற்றிவைப்பது எத்தகைய கொடுமை என்பதை யாரும் அப்போது எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

அதன் பிறகு நடந்தது அந்தச் சிறுவனின் பிழையே அல்ல. பதினெட்டு வயது நிரம்பாத ஆட்டக்காரர்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றுவதை, பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் மாறுதல் விதிகளில் 19ஆம் பிரிவு தடை செய்கிறது. விதிவிலக்குகள் மிகக் குறைவு. பெற்றோர் கால்பந்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறியிருக்க வேண்டும். அல்லது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே மாறும் பதினாறு வயது கடந்தவராக இருக்க வேண்டும். அல்லது வீடும் கிளப்பும் எல்லைக்கோட்டின் இருபுறமும் ஐம்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வறிய நாடுகளிலிருந்து சிறுவர்களை அழைத்துவந்து, தேறாதவர்களை நடுத்தெருவில் விட்டுவிடும் வணிகத்தைத் தடுக்கவே இந்த விதி கொண்டுவரப்பட்டது. அதன் நோக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் 2014 ஏப்ரலில் பார்சலோனா அந்த விதியை மீறியதாகத் தீர்ப்பு வந்தபோது, தண்டனையின் ஒரு பங்கு அங்கே பயின்றுகொண்டிருந்த சிறுவர்களின் தலையிலும் விழுந்தது. குபோ பயிற்சி செய்யலாம், அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் ஆடக்கூடாது என்ற நிலை உருவாயிற்று. பதின்மூன்று வயதில் வாரந்தோறும் தோழர்கள் களமிறங்குவதை வெளியே நின்று பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 2015ஆம் ஆண்டின் வசந்தத்தில் அவர் ஜப்பானுக்குத் திரும்பி, எஃப்சி டோக்கியோவின் இளையோர் அணியில் சேர்ந்தார்.

தோற்றுத் திரும்பிய பிள்ளையாக அல்ல, அரும்பொருளாகவே ஜப்பான் அவரை வரவேற்றது. 2016 நவம்பரில், 15 வயது 5 மாதத்தில், எஃப்சி டோக்கியோவின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்காக மூன்றாம் பிரிவு லீக்கில் களமிறங்கியபோது, ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான ஜே லீக்கின் வரலாற்றிலேயே மிக இளம் வயதில் ஆடியவர் ஆனார். அடுத்த ஏப்ரலில் மிக இளம் வயதில் கோல் அடித்தவரும் அவரே. 2017இல் தென்கொரியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கும் பதினைந்து வயதிலேயே அவரைக் கூட்டிச் சென்றார்கள். மூன்றாம் பிரிவு ஆட்டமொன்றில் ஒரு பள்ளி மாணவன் மாற்று ஆட்டக்காரராக இறங்குவதைப் படம்பிடிக்கக் கேமராக்கள் வரிசைகட்டி நின்றன. ‘குபோ-குன்’ என்றுதான் அவரைச் சொன்னார்கள். சிறுவர்களையும் தமக்கு இளையவர்களையும் அன்போடு அழைக்கும் ஒட்டு அது. அந்த ஒட்டில் கனிவு இருக்கிறது. கூடவே, இவன் இன்னும் நம் வீட்டுப் பிள்ளைதான், வளர்ந்தவன் அல்லன் என்ற நினைப்பும் இருக்கிறது. அவர் வளர்ந்த பிறகும் பலருடைய மனத்தில் அந்தப் பிள்ளை வளரவே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

2019ஆம் ஆண்டின் முதற்பாதி அவருடைய புகழின் முதல் உச்சம். எஃப்சி டோக்கியோவின் முதல் அணியில் நிலையான இடம், ஜூன் 9ஆம் தேதி மியாகியில் எல் சால்வதோருக்கு எதிராக 18 வயது 5 நாளில் தேசிய அணியில் அறிமுகம், அதன்பின் ஒரு வாரம் கூட ஆவதற்குள் ரியல் மாட்ரிட்டில் சேர்கிறார் என்ற அறிவிப்பு. பார்சலோனாவில் வளர்ந்த பிள்ளையை மாட்ரிட் தூக்கிச்சென்றது என்று ஸ்பானியப் பத்திரிகைகளும் அதைக் கொண்டாடின. அந்த மாதமே பிரேசிலில் நடந்த, தென் அமெரிக்க நாடுகளுக்கான கோப்பா அமெரிக்கா போட்டியில், விருந்தினர் அணியாகச் சென்ற ஜப்பானுக்காக அவர் ஆடினார். அவரை முழுதாக நான் பார்த்ததும் அந்தப் போட்டியில்தான். சிலியிடம் ஜப்பான் 0-4 என்று தோற்ற அந்த ஆட்டத்திலும், பந்து தம்மிடம் வந்தவுடன் அவசரப்படாமல் ஒரு கணம் நின்று, எதிரில் இருப்பவரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்து, பிறகு எதிர்ப்பக்கமாக நழுவிய அந்தப் பதினெட்டு வயதுக்காரனை என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் எந்த அணியில் ஆடுகிறாரோ அதுதான் என் அணி.

ஆனால் மாட்ரிட்டின் முதல் அணிக்காக ஓர் அதிகாரப்பூர்வ ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. ஸ்பானிய லீக்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள ஆட்டக்காரர்களுக்கு ஓர் அணியில் மூன்று இடங்கள் மட்டுமே உண்டு. மாட்ரிட்டில் அவற்றை வினீசியுஸ், ரொட்ரீகோ, மிலிதாவோ ஆகிய பிரேசில்காரர்கள் பிடித்திருந்தார்கள். ஆகவே குபோ ஒவ்வோர் ஆண்டும் இரவல் ஆட்டக்காரராக வெளியே அனுப்பப்பட்டார். 2019-20இல் மயோர்கா, பிறகு வில்லாரியல், அங்கே வாய்ப்புக் குறைந்ததால் 2021 ஜனவரியில் கெதாஃபே, 2021-22இல் மீண்டும் மயோர்கா. முதல் ஆண்டில் மயோர்கா தரமிறக்கப்பட்ட அணியாக முடிந்தாலும், அந்தத் தீவில் அவருக்கென்று ஓர் அன்பு உருவானது. மற்ற இரண்டு இடங்களிலும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில்தான் இருந்தார். இரவல் வாழ்க்கையின் துன்பம் இதுதான்: எந்த அணியும் உங்களை வளர்ப்பதில்லை, ஏனென்றால் நீங்கள் வளர்ந்தால் அதன் பயன் இன்னொருவருக்குப் போகும். அந்த ஆண்டுகளில் ஜப்பானில் அவருடைய பெயரோடு ‘மாட்ரிட்’ என்ற சொல் எப்போதும் வந்துகொண்டிருந்தது. களத்திலோ அவர் பெரும்பாலும் அட்டவணையின் அடியில் தத்தளிக்கும் அணிகளுக்காகப் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார். பெயருக்கும் ஆட்டத்துக்கும் இடையே இடைவெளி மிக அகன்று கிடந்த காலம் அது.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிரிவு ஆட்டங்களில் தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ, பிரான்ஸ் ஆகிய மூன்று அணிகளுக்கு எதிராகவும் குபோ கோல் அடித்தார். அரையிறுதியில் ஸ்பெயினிடம் கூடுதல் நேரத்தில் தோற்ற ஜப்பான், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மெக்சிகோவிடம் 1-3 என்று வீழ்ந்தது. ஆட்டம் முடிந்ததும் புல்தரையில் விழுந்து, அடக்க முயலாமல், அவர் வாய்விட்டு அழுதார். கொரோனாவால் பார்வையாளர்கள் அனுமதிக்கப்படாத அந்தக் காலி அரங்கில் அவருடைய அழுகுரல் தொலைக்காட்சி வழியாகவே தெளிவாகக் கேட்டது. அந்த அழுகைக்குப் பிறகுதான் பல ஜப்பானியர்கள் அவரைச் சாதனைப் பட்டியலாக அல்லாமல் ஒரு மனிதராகப் பார்த்தார்கள் என்று நான் நம்புகிறேன். அந்த அரங்கும் சைதாமா அரங்கமே. நான்கு ஆண்டுகள் கழித்து, நிறைந்த கூட்டத்தின் முன்னே பஹ்ரைனுக்கு எதிராக அவர் கோல் அடித்ததும் அதே புல்தரையில்தான்.

இந்த இடத்தில் ஜப்பான் அணியின் இன்னோர் ஆட்டக்காரரான கவோரு மிதோமாவைக் கொண்டுவராமல் பேச்சு முழுமை பெறாது. குபோவைவிட நான்கு வயது மூத்தவர்; அவரும் கவாசாகி ஃப்ரொன்டாலேயின் இளையோர் அணியில் வளர்ந்தவர். அந்தக் கிளப் தொழில்முறை ஒப்பந்தம் தர முன்வந்தபோது, தாம் இன்னும் தயாராகவில்லை என்று கருதி, த்சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே தம் பட்ட ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், ஒருவருக்கு ஒருவர் எதிர்நிற்கும்போது பந்தைக் கடத்திச் செல்லும் கலை. குபோ பதினெட்டு வயதில் மாட்ரிட்டுக்குப் போன ஆண்டில் மிதோமா இன்னும் மாணவர். இருவருடைய புகழும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தன. மிதோமாவின் ஆட்டம் முதலில் வந்தது, பெயர் பின்னால் வந்து சேர்ந்தது. ஆகையால் அவர் செய்வது ஒவ்வொன்றும் மக்களுக்கு எதிர்பாராத பரிசாகத் தெரிகிறது. குபோ செய்வது ஒவ்வொன்றும் பழைய கடனுக்கான தவணையாகத் தெரிகிறது.

2022 கத்தார் உலகக் கோப்பை இந்த வேறுபாட்டை ஈவிரக்கமின்றிக் காட்டிவிட்டது. ஜெர்மனியை 2-1 என்று வென்ற ஆட்டத்தில் குபோ தொடக்கத்திலிருந்தே ஆடினார். இடைவேளையில் வெளியே எடுக்கப்பட்டார். ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டத்திலும் அப்படியே. அன்று இடைவேளையில் குபோவுக்குப் பதிலாக வந்தவர் ரித்சு தோவான். வந்த மூன்றாம் நிமிடத்திலேயே அவர் சமன் செய்யும் கோலை அடித்தார். அதே இடைவேளையில் இறங்கிய மிதோமா, கோட்டைத் தாண்டிவிட்டதாக அரங்கமே நினைத்த பந்தை எட்டி உதைத்து உள்ளே அனுப்ப, ஆவோ தனாக்கா அதை வலைக்குள் தள்ளினார். காணொளி நடுவர் அந்தப் பந்து கோட்டை முழுமையாகத் தாண்டவில்லை என்று கண்டறிந்த படம் உலகம் முழுவதும் பரவியது. அந்தப் படத்தில் குபோ இல்லை. குரோஷியாவுக்கு எதிரான அடுத்த சுற்று ஆட்டத்தை உடல்நலக் குறைவால் அவர் ஆடவே இல்லை. ஜப்பான் பெனால்டி உதைகளில் தோற்று வெளியேறியது. ஜப்பானியக் கால்பந்தின் மிக மகிழ்ச்சியான இரண்டு இரவுகளிலும், அதன் மிகப் பெரிய எதிர்பார்ப்பாக வளர்க்கப்பட்டவர் இரண்டாம் பாதியை வெளியே அமர்ந்து பார்த்தார். அந்த ஆட்டங்களின் முதற்பாதியில் அணி தற்காத்து நின்று ஓடி ஓடி எதிரணியைக் களைக்க வைத்ததில் அவருடைய உழைப்பும் உண்டு. ஆனால் அந்த உழைப்புக்குப் புகழ் கிடைப்பதில்லை, அது இயல்பே.

அவருடைய வாழ்க்கை நேர்ப்பட்டது 2022 கோடையில் தொடங்கி, ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டுக் கடற்கரையில். சான் செபாஸ்தியான் நகரின் ரியல் சோசியதாத் கிளப் அவரை மாட்ரிட்டிடமிருந்து விலைக்கே வாங்கியது. தம் மண்ணின் பிள்ளைகளையே ஆடவைப்பது என்ற வழக்கத்தை 1989 வரை கடைப்பிடித்த, இன்றும் தன் சொந்தப் பயிற்சிக்கூடத்திலிருந்தே பாதி அணியை உருவாக்கும் கிளப் அது. இரண்டு லட்சத்தை எட்டாத மக்கள்தொகை கொண்ட நகரம். அங்கே அவருக்கு மெஸ்ஸி என்ற பட்டமும் இல்லை, குன் என்ற ஒட்டும் இல்லை. ‘தகே’ என்று இரண்டு எழுத்து மட்டும். காதிஸ் அணிக்கு எதிராகத் தம் முதல் லீக் ஆட்டத்திலேயே வெற்றிக்கான ஒரே கோலை அடித்தார். அந்தப் பருவத்தில் லீக்கில் 9 கோல்கள். அணி நான்காம் இடம் பிடித்து, ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்குக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பியது. 2023 மே மாதம் சொந்த அரங்கில் மாட்ரிட்டை 2-0 என்று வீழ்த்திய ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. அந்தச் செப்டம்பரில் ஸ்பானிய லீக்கான லா லிகாவின் மாதச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2024 பிப்ரவரியில், 2029 வரை நீளும் புதிய ஒப்பந்தம்.

அந்த நகரம் ஏன் அவரை இவ்வளவு நேசிக்கிறது என்பதற்குக் கோல் எண்ணிக்கையைப் பார்த்துப் பயனில்லை. வலது ஓரக்கோட்டை ஒட்டி நிற்பார். பந்து காலுக்கு வரும். எதிரணி இடது பின்கள ஆட்டக்காரர் நெருங்கி வரும்வரை காத்திருப்பார். அந்தத் தடுப்பாளருக்கு உதவியாக இன்னொருவரும் வந்துவிடுவார், ஏனென்றால் ஒருவரால் குபோவைத் தனியாகத் தடுக்க முடியாது என்பது இப்போது லீக் முழுவதற்கும் தெரிந்த செய்தி. உள்ளே வெட்டி இடது காலால் சுழற்றி அடிப்பாரா, வெளியே விரைந்து கோட்டின் முனையிலிருந்து வலது காலால் அனுப்புவாரா என்ற அந்த ஒரு கணத்துக்காக அரங்கமே எழுந்து நிற்கிறது. தோற்கும் ஆட்டத்திலும் எழுந்து நிற்கிறது. அதோடு, ஆட்டம் முடிந்ததும் மொழிபெயர்ப்பாளரை நாடாமல், லா மாசியாவில் சிறுவயதில் கற்ற அழகான ஸ்பானிய மொழியில், தோல்வியை மழுப்பாமல் பேசுவார். ஐரோப்பாவுக்குப் போன பல ஜப்பானிய ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்காத நெருக்கம் இந்த மொழியால் அவருக்குக் கிடைத்திருக்கிறது. சிறுவயதில் அந்தத் தடை பறித்துக்கொண்ட காலம் அவருக்கு விட்டுச்சென்ற ஒரே செல்வம் அது.

எல்லா அரங்கங்களும் அப்படி இல்லை. 2025 ஜனவரியில் வலென்சியாவின் மெஸ்தாயா அரங்கில், வெளியே உடலைத் தயார்செய்துகொண்டிருந்த அவரை நோக்கி, அவருடைய கண்களையும் இனத்தையும் பழித்துக் கத்தினார்கள். அவருடைய கிளப் வெளிப்படையாகக் கண்டித்தது. ஸ்பெயினில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவரை, அந்த நாட்டின் மொழியிலேயே அந்நியராக்குவதைக் கேட்டபோது எனக்குச் சினத்தைவிட அதிகமாகத் துயரமே வந்தது.

சான் செபாஸ்தியானில் இவ்வளவு நேசிக்கப்படும் ஒருவர், ஜப்பானில் ஏன் இன்னும் எல்லா வீடுகளிலும் பேசப்படும் பெயராக ஆகவில்லை? பேஸ்பாலின் வேர் ஆழமானது என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கடிகாரம். ஓதானி லாஸ் ஏஞ்சலிசில் மாலை ஏழு மணிக்கு மட்டையைப் பிடிக்கும்போது, ஜப்பானில் கோடைக்காலத்தில் மறுநாள் காலை பதினொரு மணி. உணவகங்களிலும் மருத்துவமனைக் காத்திருப்பு அறைகளிலும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. தேடிப்போகாதவரும் அவரைப் பார்த்துவிடுகிறார். ஸ்பெயினில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டமோ ஜப்பானில் விடியற்காலை நான்கு அல்லது ஐந்து மணி. போதாக்குறைக்கு, ஐரோப்பிய லீக்குகள் கட்டணச் சேவைகளுக்குள் போய்விட்டன. 2026 உலகக் கோப்பைக்கான இறுதித் தகுதிச்சுற்றில் தேசிய அணி வெளிநாட்டில் ஆடிய ஆட்டங்கள்கூடக் கட்டணச் சேவையான டாசோனில் மட்டுமே ஒளிபரப்பாயின. 1998இல் ஜப்பானின் ஹிதெதோஷி நகாதா, இத்தாலியின் பெருஜா கிளப்புக்கான முதல் லீக் ஆட்டத்திலேயே யுவென்டஸுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தபோது, கால்பந்தில் ஆர்வமில்லாதவர்களுக்கும் அந்தச் செய்தி வீடு தேடி வந்தது. இன்று குபோவைப் பார்க்க வேண்டுமென்றால் பணம் கட்டி, அலாரம் வைத்து, இருட்டில் எழுந்திருக்க வேண்டும். அவருக்கு இருக்கும் கூட்டம் சிறியதாகத் தெரிவதற்கு இதுவே காரணம். அது தூக்கத்தை விட்டுக்கொடுத்து வந்த கூட்டம்.

சில வாரங்களில் மட்டும் ரியல் சோசியதாத்தின் ஆட்டம் பகல் இரண்டு மணிக்கு வைக்கப்படுகிறது. லா லிகா ஆசியப் பார்வையாளர்களையும் எண்ணி வகுத்த நேரம் அது. சான் செபாஸ்தியானில் மக்கள் மதிய உணவைத் தள்ளிவைத்துவிட்டு நீல வெள்ளைக் கோடுபோட்ட சட்டையில் அரங்குக்கு வந்துகொண்டிருப்பார்கள். கவாசாகியில் அப்போது இரவு ஒன்பது மணி, குளிர்காலமென்றால் பத்து. பள்ளிக்குப் போகும் ஓர் எட்டு வயதுப் பிள்ளை, வீட்டில் கெஞ்சிக் கேட்டால், முதற்பாதியை மட்டுமாவது பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.